இயல்பாய் நில்

பேசக்கூடாது. மணி ரெண்டாகுது, அஞ்சு வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது, முணங்கக் கூடாது, செருமக்கூடக் கூடாதுன்னு செண்பகம் சொல்லிட்டுப் போயிருக்கா. மனசுக்குள்ள பேசுததுக்கு அவ தடை ஒண்ணும் போடல, அதனால இங்கனயே பேசிக்கிடுதேன், இல்லன்னா எனக்குக் கோட்டி பிடிச்சிரும். முப்பத்தி நாலு வருஷம் மைதானத்துல நின்னு கத்துன வாய் இது. எப்சிபா டீச்சர் கூப்பிட்டா விசிலே வேண்டாம், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்னு பாளையங்கோட்டையில பாதிப் பேரு சொல்லுவாக, அந்தப் பாதிப் பேரும் எங்கிட்ட பி.டி. பீரியட்ல ரவுண்டு ஓடுனவளுகதான். இப்ப என் நிலமையப் பாரு. உள்ரூம்புத் தரையில பழைய போர்வைய நாலா மடிச்சுப் போட்டு, கட்டிலுக்கு முகத்தக் காட்டாம ஒருக்களிச்சு உக்காந்திருக்கேன். கட்டிலுக்கு அடியில, டிரங்குப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு சாண் இடம், அதுக்குள்ள அது இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடையத் திறந்ததும் உள்ள போன பூனை, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நாங்க உறங்கினப்புறம் வந்து தண்ணி மட்டும் கொஞ்சம் குடிச்சிருக்கு, சாப்பாட்ட ஒரு வாய் தொடல. பூனை ரெண்டு நாளைக்கு மேல பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுப்போகுமாம். பூனையக் குடுத்த செண்பகம் அஞ்சு மணிக்குக் கூடையோட வருவா. அதுக்குள்ள தின்னுச்சுன்னா இந்த வீட்டுப் பூனை, தின்னலன்னா திரும்ப அவ வீட்டுக்கு. 'தப்பா நினைக்காதீங்க டீச்சர், சில வீடு சில பூனைக்கு ஒத்துவராது'ன்னா. வீடு என்ன செஞ்சுது பாவம், ரெண்டு ரூம்பும் ஒரு அடுப்படியும். என்னைத்தான் சொல்லுதான்னு எனக்குத் தெரியாதா. ஒத்துவருதா இல்லையான்னு இன்னைக்குப் பாத்துருவோம்.

இவுகள மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச கையோட அவுக தங்கச்சி வீட்டுக்குக் கிளப்பி விட்டாச்சு. என் வீட்டுக்காரர் செல்லத்துரை, மின்சார வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவுக, வாயில்லாத மனுசன், ஆனா தும்மல் வந்தா ஒண்ணு ரெண்டோட நிக்காது, ஒம்பது தும்முவாக, ஒம்பதுக்கும் ஜன்னல் கதவு ஆடும். 'உங்க மூக்கு இங்க இருக்கக் கூடாது, அஞ்சரைக்கு மேல வாங்க'ன்னேன். செருப்ப மாட்டிக்கிட்டே, 'எப்சி, நீயா மூணு மணி நேரம் பேசாம இருக்கப் போற?'ன்னு கேட்டாக. 'ஆமா'ன்னேன். 'நம்ம கல்யாணத்துல பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ணும்போதே பூச்செண்டு சரியில்லன்னு பேசுனியே'ன்னு சிரிச்சாக. சிரிக்கட்டும். ஆலயத்துக்குக்கூட இன்னைக்குப் போகல, விடியக்காலையே மீன் மார்க்கெட்டுக்குப் போயிட்டேன், பாஸ்டர் ஐயா கேட்டா பூனைக்குச் சாளை வாங்கப் போனேன்னு சொல்லிக்கிட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமையும் சாளைதான் வாங்குனேன், கழுவி, மஞ்சப்பொடியும் உப்பும் பிசறி வேகவச்சேன். கை தன்னால போயிருது, மஞ்சள் போடாம மீன எப்படி அடுப்புல ஏத்த? போன்ல கேட்டதும் செண்பகம், 'டீச்சர், அதுக்குக் குழம்பா வைக்கீக?'ன்னா. இன்னைக்கு ஒண்ணும் போடல. வெறும் தண்ணியில வெந்த நாலு சாளை, முள்ளெடுத்து உதுத்து, எவர்சில்வர் தட்டுல, பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளி வச்சிருக்கேன். எனக்கே குமட்டுது அந்த வாடை. ஆனா அதுக்குப் பிடிக்குமாம், சூடு ஆறதுக்கு முந்தி வாடை நல்லா அடிக்குமாம். ஆறிப்போச்சு. சுடவச்சு எடுத்துட்டு வரவா? எந்திரிக்கக் கூடாது எப்சிபா. எந்திரிச்சா முட்டி சொடக்கு விடும், அதுக்கே அது சுவரோட ஒட்டிக்கிடும்.

ரெண்டே கால்தான் ஆகுது. ஏ யப்பா, இந்தக் கடிகாரத்துக்கு என்ன வந்துது. வெளிய எவனோ தண்ணிக் கேன் இறக்குதான், டமார் டமார்னு போடுதான், மெதுவா இறக்குனா உன் கை தேஞ்சிருமாலன்னு கேக்க நாக்கு துடிக்குது. கேக்கல. இடது முட்டி விண்ணு விண்ணுங்குது. ஓரக்கண்ணால பாக்கலாம், நேராப் பாக்கக்கூடாது, நேராப் பாத்தா அதுக்கு மெரட்டுத மாதிரி இருக்குமாம். கண்ணு கண்ணு மோதிட்டா மெதுவா மூடி மெதுவாத் திறக்கணுமாம், அது பூனைப் பாஷையில நான் உன்னை ஒண்ணும் செய்ய மாட்டேன்னு அர்த்தமாம். செண்பகம் எனக்குச் செஞ்சு காட்டுனா, நானும் செஞ்சேன், 'டீச்சர், அது முறைக்கிற மாதிரி இருக்கு, இன்னும் மெதுவா'ன்னா. என் கண்ணு பிறந்ததுலேருந்து அப்படித்தான். பெட்டிக்குப் பின்னால ரெண்டு பச்சை, அவ்வளவுதான் தெரியுது. சாம்பல் நிறம், நெத்தியில கறுப்பா மூணு கோடு, இடது காது நுனி கொஞ்சம் கத்தரிச்சிருக்கும், குட்டி போடாம இருக்க ஆபரேசன் பண்ணுனதுக்கு அடையாளமாம். இதெல்லாம் அங்க பாத்தது, இங்க வந்ததுலேருந்து பச்சை மட்டுந்தான். மூச்சு விடுதா? காது குடுத்துக் கேக்கேன். ஃபேன் சத்தம்தான் கேக்கு. செத்துக்கித்துப் போயிருச்சோ? யேசப்பா. குனிஞ்சு பாக்கணும் போல இருக்கு, பெட்டிய ஒரு இழுப்பு இழுத்தா தெரிஞ்சுபோகும், கைய விட்டுக் கழுத்தப் பிடிச்சு வெளிய எடுத்து வாயத் திறந்து ஊட்டிட்டா அஞ்சு நிமிசத்துல வேலை முடிஞ்சிரும். வெள்ளிக்கிழமை ராத்திரி இந்தக் கூத்துதான் பண்ணுனேன். கட்டிலுக்கு அடியில தலையக் குடுத்து, 'ஏட்டி, வெளிய வா, உன்னைய யாரு கடிச்சா'ன்னு சாதாரணமாத்தான் கேட்டேன். சத்தியமா, சாதாரணமாத்தான். நின்ன இடத்துலயே மோண்டுருச்சு. துணி எடுத்துத் தொடைச்சேன், பயந்தது அதுவா நானான்னு தெரியல. பச்சை ஒரு தடவை அணைஞ்சு எரியுது. இருக்கு, உயிரோட இருக்கு.

பேரு இன்னும் வைக்கல. தங்குனா வைக்கலாம். செண்பகம் அங்க குட்டிமான்னு கூப்பிடுதா, அவளுக்குப் பதினோரு பூனையும் குட்டிமாதான். தபால் ஆபீஸ்ல கவுன்டர்ல இருக்கா, சாயங்காலமானா ஸ்கூட்டர்ல கூடையக் கட்டிக்கிட்டு ஊரெல்லாம் அடிபட்டது, ஆளில்லாததுன்னு பொறுக்கிட்டு வருவா. பென்சன் விசயமா அங்க போனப்ப நோட்டீஸ் ஒட்டியிருந்தத பாத்தேன், பூனை வளர்க்க விருப்பமுள்ளவர்கள்னு. எனக்குப் பூனைன்னா ஆசையெல்லாம் கிடையாது. அதுக்கு முந்தின வாரம் மார்க்கெட்ல ஒண்ணு நடந்துச்சு, அதனாலதான். நான் கத்திரிக்காய் பொறுக்கிக்கிட்டு இருந்தேன். ஒரு பொம்பளை, முப்பது வயசு இருக்கும், கையில பிள்ளையோட எதுத்தாப்ல வந்தவ என்னையப் பாத்தா. முகத்துல தெரிஞ்சுது, அடையாளம் கண்டுக்கிட்டா. நான் சிரிச்சேன். அவ பிள்ளையத் தரதரன்னு இழுத்துக்கிட்டு ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிட்டா. பஸ்சு வருது, ஆட்டோ வருது, அதுக்கெல்லாம் பயமில்ல அவளுக்கு. வீட்டுக்கு வந்து இவுககிட்ட சொன்னேன், 'மரியாதைதான் எப்சி'ன்னாக. மரியாதையா அது? அன்னைக்கு ராத்திரி உக்காந்து யோசிச்சேன், முப்பத்தி நாலு வருஷத்துல எங்கிட்ட ஒருத்தியாவது அவளா வந்திருக்காளா? கூப்பிட்டா வந்தாளுக. விசிலுக்கு வந்தாளுக. ஓடச் சொன்னா ஓடுனாளுக, நிக்கச் சொன்னா நின்னாளுக. சும்மா, ஒண்ணுமில்லாம, டீச்சர்னு பக்கத்துல வந்து நின்னது ஒருத்தி கிடையாது. மே மாசம் ரிட்டயர் ஆனேன், மாலை போட்டாளுக, போட்டோ எடுத்தாளுக, அதோட சரி. ஒரு சீவன் தானா எங்கிட்ட வரணும். எனக்கு அது வேணும், அவ்வளவுதான், இதுல வெக்கப்பட என்ன இருக்கு.

ரெண்டே முக்கால். வாடை இன்னும் மோசமாயிருக்கு, ஒரு ஈ வந்திருச்சு. அத விரட்டவும் முடியல, கைய வீசுனா போச்சு. ஈயே தின்னுட்டுப் போகப்போகுது, பூனை தின்னாது. செண்பகம் வீட்டுல பதினொண்ணுல பத்து என் சேலையில உரசுச்சு, ஒண்ணு மடியிலயே ஏறிருச்சு, வெள்ளையும் மஞ்சளுமா கொழுகொழுன்னு. 'அது எல்லார்கிட்டயும் போகும் டீச்சர், அத எடுத்துக்கிடுங்க'ன்னா. நான் அரிசி மூட்டைக்குப் பின்னால சுவரப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த இதக் காட்டி, 'அது'ன்னேன். 'அது ரொம்பக் கூச்சம் டீச்சர், யார்கிட்டயும் வராது.' 'அதான் வேணும்'னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ஒளிஞ்சிருக்கிறதப் பாத்தா என் விரல் நீண்டுருது. எப்பவும் அப்படித்தான். மைதானத்துல கக்கூஸுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கவ, வயித்துவலின்னு வேப்பமரத்தடியில உக்காந்திருக்கவ, கடைசி வரிசையில உடம்பக் குறுக்கிக்கிட்டு நிக்கவ, இவளுகளத்தான் முதல்ல கூப்பிடுவேன். வெளிய இழுத்துப் போட்டா கூச்சம் போயிரும்னு. அன்னைக்கும் அந்த விரல்தான். சவத்த விடு, அது இப்ப எதுக்கு. ஈய எப்படி விரட்டுததுன்னு யோசி. உள்ள பச்சை தெரியல. திரும்பி உக்காந்திருக்கு போல, சுவரப் பாத்து.

'என்னைய ஞாபகம் இருக்கா டீச்சர்?'ன்னு செண்பகம் அன்னைக்கு அவ வீட்டு வாசல்ல வச்சே கேட்டா. 'எத்தனை பிள்ளைகளப் பாத்தாச்சு, எங்க ஞாபகம் இருக்கும்'னு சொல்லிட்டு, பூனை எங்க இருக்குன்னு கேட்டுட்டேன். பொய். எட்டாம் வகுப்பு பி, மூணாவது வரிசை, ரெட்டைச் சடை, இடது புருவத்துல ஒரு தழும்பு. தழும்பு இப்பவும் இருக்கு. பாத்த நிமிசமே தெரிஞ்சுது. எதுக்குப் பொய் சொன்னேன்? ஞாபகம் இருக்குன்னு சொன்னா எது ஞாபகம் இருக்குன்னு கேப்பா, அதான். இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. ஆகஸ்ட் மாசம், சுதந்திர தின விழாவுக்கு ஒத்திகை, முன்னால நின்னு கட்டளை குடுக்கிற பெரிய பொண்ணுக்கு அம்மை போட்டிருச்சு. யாரு வாரீகன்னு கேட்டேன், பத்து கை தூக்குச்சு. கை தூக்காம முன்னால நிக்கவ முதுகுக்குப் பின்னால குறுகினவளப் பாத்து, 'நீ வா'ன்னேன். வந்தா. கொடிமரத்து மேடையில ஏத்தி மைக்க முன்னால வச்சேன். பள்ளி, நேராய் நில், சொல்லு. உதடு அசைஞ்சுது. சத்தமா! கொஞ்சம் வந்துச்சு. இன்னும் சத்தமா! மூணாவது தடவை முழு மூச்சையும் பிடிச்சுச் சொன்னா, குரல் உடைஞ்சு பிசிறிப்போச்சு. மைக் அங்கனயேதான் இருந்துச்சு, நான் அதுல குனிஞ்சு, 'என்னட்டி, ஆட்டுக்குட்டி மாதிரி கத்துத?'ன்னேன். எண்ணூறு பிள்ளைக. சிரிப்பு அடங்க அஞ்சு நிமிசம் ஆச்சு. நானும் சிரிச்சேன். அதுக்கப்புறம் வராண்டாவுல அவ போனா பின்னாலயே மே, மேன்னு கேக்கும். என் காதுல விழுந்துச்சு. விழுகலன்னு இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கிட்டது. விழுந்துச்சு, சாக்பீஸ் டப்பாவக் கையில வச்சுக்கிட்டு நின்னு கேட்டேன், ஸ்டாஃப் ரூமுக்குள்ள போயிட்டேன். ஒரு வார்த்தை அதட்டியிருந்தா அன்னையோட நின்னிருக்கும். ஊரையே அதட்டுனவ அத மட்டும் அதட்டல.

மூணேகால். அப்ப அவ பதிமூணு வயசுப் பிள்ளை. இன்னைக்கு அவதான் வந்து இது உங்களுக்கு ஒத்துவராது டீச்சர்னு எடுத்துட்டுப் போகப்போறா, போகட்டுமே, அவளுக்கு அந்த உரிமை உண்டு. இல்ல, இல்ல. போகட்டும்னு சொல்லுதது சோம்பேறித்தனம். அஞ்சு மணி ஆகல. நேராய் நில்லு, அடுத்து என்ன, இயல்பாய் நில். அட, அதையும் நான் கத்தித்தான சொல்லியிருக்கேன்! இயல்பாய்ய்ய் நில்! எண்ணூறு பிள்ளைகளும் ஒண்ணுபோல இடது கால ஒரு அடி தள்ளி வச்சு, கையப் பின்னால கட்டி, விறைச்சுக்கிட்டு இயல்பா நிப்பாளுக. எவளாவது நெசமாவே இயல்பா நின்னு மூக்கச் சொறிஞ்சுட்டா அவளுக்கு ரெண்டு ரவுண்டு ஓட்டம். முப்பத்தி நாலு வருஷம், தினம் காலையில, ஒரு தடவை கூட எனக்குச் சிரிப்பு வரலியே. இப்ப வருது. வயிறு குலுங்குது, வாயப் பொத்திக்கிடுதேன். சிரிக்காத எப்சிபா, சேலை சரசரக்குது. இப்பவும் நீ அதத்தான செஞ்சுக்கிட்டு இருக்க. வாய மூடிட்டா ஆச்சா? முதுகு ஸ்கேல் வச்ச மாதிரி நேரா இருக்கு, பல்லக் கடிச்சிருக்கேன், ஓரக்கண்ணு தட்ட விட்டு நகரல. தின்னு, தின்னு, தின்னுன்னு உடம்பு முழுக்கக் கத்திக்கிட்டு இருக்கேன், கட்டிலுக்கு அடியில இருக்கதுக்கு அது கேக்காதா? மைக் மட்டுந்தான் இல்ல.

சரி, இயல்பா இருப்போம். எப்படி இருக்கது? தோளத் தளர்த்துனேன், தளர்த்துன தோளு ரெண்டு நிமிசத்துல திரும்ப ஏறிக்கிட்டு நிக்குது, தளர்த்துன்னு அதட்டுதேன், அதட்டுனா எங்க தளரும். எனக்கே தெரியாதத எண்ணூறு பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். படுத்துப் பாப்போமா. மெதுவா, சேலை சரசரக்காம, ஒரு கைய ஊனி, போர்வையில சரிஞ்சுட்டேன். முட்டி சொடக்கு விட்டுச்சு, விட்டுட்டுப் போகட்டும். கன்னத்துல தரை சில்லுன்னு இருக்கு. இங்கேருந்து பாத்தா கட்டிலுக்கு அடியில ஒட்டடை தெரியுது, இவுக தேடிக்கிட்டிருந்த கண்ணாடிக்கூடு கிடக்குது. தட்டுக்கு முதுகக் காட்டித் திரும்பிப் படுத்தேன். தின்னாத் தின்னு, தின்னாட்டி நான் என்ன செய்ய. இல்ல, இது நடிப்பு, மனசு பின்னாலயே பாக்குது. எதையாவது நினைப்போம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் இப்படித் தரையில படுத்தே பல வருஷம் ஆச்சு. ஞாயிறுன்னா விளையாட்டு விழாவுக்கு லிஸ்ட்டு எழுதுவேன், இல்லன்னா இவுகள வேலை ஏவுவேன். தெருவுல எங்கயோ கறிக்குழம்பு கொதிக்குது, தேங்காய் அரைச்சு விட்ட வாசம். சுவர்ல ஒரு விரிசல், ஜன்னல்ல இருந்து தரை வரைக்கும் போகுது. செண்பகத்துக்குக் கல்யாணம் ஆகலியாம், ஏன்னு கேட்டுருப்பேன், நல்லவேளை கேக்கல. அவ பேசும்போது கிட்ட வந்து காதக் குடுத்தாத்தான் கேக்குது. பூனைகளுக்கு அதான் பிடிச்சிருக்கோ என்னமோ. கண்ணு சொருகுது.

உறங்கிட்டேன் போல. மணி எத்தனை, நாலு இருபது. எச்சில் வடிஞ்சிருக்கு. அசையல, ஏன்னா முதுகுக்குப் பின்னால ஏதோ வித்தியாசமா இருக்கு. பீரோ கண்ணாடியில தெரியுது, பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு தலை. முழுத் தலை. மூணு கோடு, கத்தரிச்ச காது, மீசை. மூக்கு மட்டும் அசையுது, தட்ட நோக்கி. கர்த்தாவே. மூச்ச அடக்காத, அடக்குனா தெரிஞ்சிரும், சும்மா விடு. ஒரு முன்னங்கால் வெளிய வருது, நுனியில வெள்ளை. இன்னொரு கால். வயிறு தரையில உரச உரச வருது. இன்னும் ஒரு சாண், அரைச் சாண், கழுத்து நீளுது, நாக்கு வெளிய வருது. பக்கத்து வீட்டுல குக்கர் விசில் அடிச்சுது. அதுவும் நீளமா, உசிர் போற மாதிரி. சாம்பலா ஒரு கோடு மட்டும் தெரிஞ்சுது, பெட்டி இடிச்சுது, அவ்வளவுதான். நாசமாப் போக, நாலரை மணிக்கு எவ குக்கர் வைப்பா! எந்திரிச்சு ஜன்னலத் திறந்து ஒரு சத்தம் போட்டா அந்தத் தெருவுல ஒரு மாசம் குக்கர் விசில் அடிக்காது, அப்படி ஒரு ஆங்காரம் வருது. வாய்க்குள்ள வந்துருச்சு, நாக்கு நுனியில நிக்குது. முழுங்குனேன். விசிலுக்கு ஓடிப் போயிருச்சு. விசில் அடிச்சா வருவாளுகன்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன். கண்ணுல தண்ணி வருது, தொடைக்கல. திரும்பியும் படுத்துட்டேன், இன்னும் அரை மணி இருக்கு, வந்தது திரும்ப வராமலா போயிரும். பத்து நிமிசம். இருபது. ஒண்ணையும் காணோம். பயமா இருக்கு எனக்கு, நெசமாவே பயமா இருக்கு.

அஞ்சாகிப் போச்சு. கதவத் தட்டல அவ, நகத்தால சுரண்டுதா. போய்த் திறந்தேன். செருப்ப வெளியவே விட்டுட்டு, கூடையத் துணி போட்டு மூடிக்கிட்டு, சத்தமில்லாம வந்து உள்ரூம்பு நிலையோரமா தரையில உக்காருதா. நானும் பக்கத்துல என் போர்வையில உக்காந்தேன். தட்ட எட்டிப் பாத்துட்டுப் புருவத்தத் தூக்குனா, தழும்பும் சேந்து தூக்குச்சு. 'தொடலியா டீச்சர்?' 'வந்துச்சு. கிட்டக்க வந்துச்சு. குக்கர் விசில் அடிச்சு ஓடிருச்சு'ன்னேன். மூணு மணி நேரம் பூட்டிக் கிடந்த குரல் கரகரன்னு, எனக்கே அடையாளம் தெரியாம வருது. 'வெளிய வந்ததே பெருசு டீச்சர். ஆனா இனிமே வைக்கக் கூடாது. இப்பவே கொண்டுபோயி ட்ரிப் போடணும்.' சண்டை போட எல்லாம் தயாரா வச்சிருந்தேன், முந்தாநாள்லேருந்து ஒத்திகை பாத்தது, நான் யாரு தெரியுமான்னு ஆரம்பிக்கும் அது. 'கொண்டு போ, அது பொழைக்கணும்'னேன். 'ஆனா நான் நாளையிலேருந்து உன் வீட்டுக்கு வருவேன். தினம் வந்து அரிசி மூட்டை பக்கத்துல உக்காருதேன். வாயத் திறக்க மாட்டேன். அது என் வாடைக்குப் பழகுத வரைக்கும், ஆறு மாசம் ஆனாலும் வாரேன். உனக்கு நான் வீட்டுக்குள்ள வாரது பிடிக்கலன்னா சொல்லிரு, வாசல்ல உக்காருதேன்.' அவ என்னைய ஒரு மாதிரிப் பாத்தா. 'எனக்கு ஏன் டீச்சர் பிடிக்காமப் போகுது?'ன்னா. கேட்டுட்டா. இனி ஓட எடமில்ல. 'அன்னைக்கு உன்னைய ஞாபகம் இல்லன்னேன்லா, அது பொய்.' 'தெரியும் டீச்சர்.' 'ஒத்திகையில, மைக்ல, நான் உன்னைய...' 'ஞாபகம் இருக்கு டீச்சர். பத்தாங்கிளாஸ் முடியுத வரைக்கும் அதான என் பேரு'ங்கா. சாதாரணமாத்தான் சொல்லுதா, கூடைத் துணியோட நூல இழுத்துக்கிட்டே. 'இப்பவும் கவுன்டர்ல யாராவது சத்தமாச் சொல்லும்மான்னா எனக்குக் கை வேர்த்துரும்.'

'தப்பு எம்மேலதான்'னேன். குனிஞ்சு, தரையப் பாத்து, அவளுக்கு மட்டும் கேக்குத மாதிரி. 'சின்னப் பிள்ளையக் கூட்டத்துல நிறுத்தி எல்லாரையும் சிரிக்க வச்சது நான். நானும் சிரிச்சேன். அப்புறம் அவளுக உன்னையக் கேலி பண்ணுததக் காதால கேட்டேன், கேட்டுட்டு உள்ள போயிட்டேன். ஒரு அதட்டுல நின்னிருக்கும், செய்யல. உன் குரல்ல ஒரு குறையும் இல்லம்மா. எனக்குத்தான் கேக்கத் தெரியல.' ணங். தட்டு தரையில இடிச்ச சத்தம். செண்பகத்தோட கை என் மணிக்கட்டப் பிடிக்குது. 'திரும்பாதீங்க'ங்கா, மூச்சுலயே. நான் பேச்ச நிறுத்துனேன், அங்கேயும் சத்தம் நின்னுபோச்சு. 'நிறுத்தாதீங்க டீச்சர், பேசுங்க.' 'என்னத்தப் பேச?' 'இப்பச் சொன்னீகள்லா, அதையே. அதே மாதிரி மெதுவா.' தப்பு எம்மேலதான்னு ஆரம்பிச்சேன். சின்னப் பிள்ளையக் கூட்டத்துல நிறுத்துனேன்னேன். சளப் சளப்புன்னு நக்குது, தட்டு தரையில நகந்து நகந்து போகுது, எனக்குக் குரல் தழுதழுக்குது, ஆனாலும் ஏத்தல, ஒரே மட்டத்துல சொல்லிக்கிட்டுப் போறேன். காதால கேட்டுட்டு உள்ள போயிட்டேன்னேன். உன் குரல்ல ஒரு குறையும் இல்லன்னேன். முடிச்சிட்டேன். ரெண்டு பேரும் திரும்பல. தட்டுச் சத்தமும் ஓஞ்சிருச்சு, தின்னு முடிச்சிட்டு எங்கயோ பக்கத்துலயே உக்காந்து காலை நக்கிக்கிட்டு இருக்கு போல. செண்பகம் பிடிச்ச கைய இன்னும் விடல. சுவரப் பாத்துக்கிட்டே, 'இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்'ங்கா. சொல்லுதேன்.